சைன் விதி, கொசைன் விதி நிறுவல் எங்கே முறிகிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

பதினோராம் வகுப்பு மாணவர்கள் சைன் விதிக்கும் கொசைன் விதிக்கும் எழுதும் நிறுவல்களைத் திருத்தத் திருத்த, ஒரே சில இடறல்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கடைசி வரி பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அது எல்லோருக்கும் மனப்பாடம். முறிவு நடுவில் இருக்கும். படத்தில் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை, காரணம் சொல்லாமல் உண்மை என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். நாம் வரைவது ஒரே ஒரு முக்கோணம். நிறுவ வேண்டியதோ நாம் வரையாத அத்தனை முக்கோணங்களுக்கும். இந்த இடைவெளியில்தான் கால் தவறுகிறது.

கீழே தலைப்புகளாக இருப்பவை அறிகுறிகள். உங்கள் தாளில் எது தெரிகிறதோ அங்கே நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவற்றில் பாதிக்கு வேர் அதுதான்.

குறியீட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. ஆனால் குறிலும் நெடிலும் இருக்கின்றன, அவை இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்துகின்றன. முனைகளுக்குக் குறில்: க, ப, ம. ஒவ்வொரு முனைக்கும் எதிரே உள்ள பக்கத்துக்கு அதன் நெடில்: கா, பா, மா. ஆகவே க-வுக்கு எதிரே உள்ள பம என்ற பக்கத்தின் நீளம் கா. கம-வின் நீளம் பா. கப-வின் நீளம் மா. முனையில் உள்ள கோணத்தையும் அதே குறிலால் குறிக்கிறேன்.

நிறுவ வேண்டியவை இரண்டு:

கா / சைன் க = பா / சைன் ப = மா / சைன் ம

கா² = பா² + மா² − 2·பா·மா·கொசைன் க

அறிகுறி: குறுங்கோணத்துக்கு நிறுவல் சரியாக வருகிறது, விரிகோணத்தில் கூட்டல் கழித்தல் குறி மாறிவிடுகிறது

பா = 5, மா = 3, கோணம் க = 120 பாகை. இந்த முக்கோணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். மூன்றாவது பக்கம் சரியாக 7 வர வேண்டும்.

ஒரு மாணவி இதை வரைந்த தாள் இன்னும் என் கண்முன் இருக்கிறது. 120 பாகையைக் கோணமானியால் சரியாக அளந்திருந்தாள். ப-விலிருந்து கம என்ற பக்கத்துக்குச் செங்குத்து வரைய வேண்டும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்திருக்கிறாள். கோடு பக்கத்தைத் தொடாமல் வெளியே போகிறது. அழித்திருக்கிறாள். மறுபடி வைத்து, மறுபடி அழித்திருக்கிறாள். அந்த இடத்தில் தாள் மெலிந்து பின்பக்க எழுத்து தெரிந்தது. கடைசியில் செங்குத்தைச் சற்றே சாய்த்து, முக்கோணத்துக்கு உள்ளேயே விழச் செய்து, அதன் அடியில் சிறு சதுரமும் போட்டு "90" என்று எழுதிவிட்டாள். "சார், செங்குத்து உள்ளே விழத்தானே வேண்டும்?" என்று கேட்டாள். பாடத்தில் பார்த்த படங்களில் எல்லாம் அப்படித்தான் விழுந்திருந்தது.

செங்குத்து வரைவது பக்கத்துக்கு அன்று, அந்தப் பக்கம் கிடக்கும் நேர்கோட்டுக்கு. நேர்கோடு இரு திசையிலும் நீளும். அளவுகோலை வைத்து மக என்ற கோட்டை க-வைத் தாண்டிப் பென்சிலால் நீட்டுங்கள். செங்குத்து அங்கே போய் விழும். அந்த அடிப்புள்ளியை அ என்போம்.

முதலில் க குறுங்கோணமாக, அ என்ற புள்ளி க-வுக்கும் ம-வுக்கும் இடையில் விழும் நிலை. செங்கோண முக்கோணம் கஅப-வில் கர்ணம் மா. ஆகவே

பஅ = மா·சைன் க, கஅ = மா·கொசைன் க, அம = பா − மா·கொசைன் க.

மற்றொரு செங்கோண முக்கோணம் பஅம-வில் பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால்

கா² = (மா·சைன் க)² + (பா − மா·கொசைன் க)²

விரித்து, சைன்² க + கொசைன்² க = 1 என்பதைப் பயன்படுத்தினால் விதி வந்துவிடுகிறது.

இப்போது க விரிகோணம். அ வெளியே விழுகிறது. முக்கோணம் கஅப-வில் க முனையில் இருக்கும் கோணம் க அன்று. 180° − க. ஆகவே கஅ = மா·கொசைன்(180° − க), அதாவது −மா·கொசைன் க. விரிகோணத்தின் கொசைன் குறை எண் என்பதால், இந்த நீளம் மிகை எண்ணாகவே வருகிறது. அடுத்த படிதான் உயிர்நாடி. அம இப்போது பா-வைவிட நீளமானது:

அம = பா + கஅ = பா − மா·கொசைன் க.

முதல் நிலையில் வந்த அதே கோவை! படத்தில் கழித்தல் கூட்டலாக மாறியது. கொசைனின் குறியும் மாறியது. இரண்டு மாற்றமும் சேர்ந்து ஒன்றையொன்று ஈடுசெய்துவிட்டன. மாணவர்கள் இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதால்தான் குறி தப்புகிறது. சிலர் நீளத்தைக் கூட்டிவிட்டுக் கொசைன் 60-ஐ கொசைன் 120 என்றே எழுதிவிடுவார்கள். சிலர் கொசைனை மாற்றிவிட்டு, பழைய படத்தின் கழித்தலை அப்படியே வைத்திருப்பார்கள்.

எண்களில் சரிபாருங்கள். கஅ = 1.5, பஅ² = 9 − 2.25 = 6.75, அம = 6.5. ஆகவே கா² = 6.75 + 42.25 = 49. சரி. அந்த மாணவி செங்குத்தை உள்ளே வலிந்து விழச் செய்ததால் அம-வை 3.5 என்று எடுத்தாள்; கா² = 6.75 + 12.25 = 19 வந்தது. 19 என்பது 60 பாகை முக்கோணத்துக்கு உரிய விடை. உங்களுக்கும் விரிகோணக் கணக்கில் விடை சிறுத்து வந்தால், நீங்கள் வேறொரு முக்கோணத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

இத்தோடு முடிந்ததா? இல்லை. ம விரிகோணமாக இருந்தால் அ என்ற புள்ளி ம-வைத் தாண்டி விழும். அப்போது அம = மா·கொசைன் க − பா. முன்பு வந்ததன் எதிர்க்குறி. வர்க்கப்படுத்தும்போது வேறுபாடு மறைந்துவிடும். க செங்கோணம் என்றால் அ-வும் க-வும் ஒன்றே, கொசைன் சுழி. ம செங்கோணம் என்றால் அ-வும் ம-வும் ஒன்றே, அம சுழி. இந்த நிலைகள் ஒவ்வொன்றையும் ஒரு வரியிலாவது குறிப்பிட்டால்தான் நிறுவல் முழுமை பெறும்.

இந்த நிலைகளைப் பிரித்துப் பார்ப்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. சுமார் கி.மு. 300-இல் யூக்ளிட் தொகுத்த மூலங்கள் நூலின் இரண்டாம் பகுதியில் 12-ஆம் கூற்று விரிகோணத்துக்கும் 13-ஆம் கூற்று குறுங்கோணத்துக்கும் தனித்தனியே இதே செய்தியைச் சொல்கின்றன. அங்கே கொசைன் என்ற பெயரே இல்லை, சதுரங்களும் செவ்வகங்களும்தான். குறை எண் அவர்கள் கையில் இல்லை. ஆகவே ஒன்றில் "கூட்டு", மற்றொன்றில் "கழி" என்று இரண்டு தேற்றங்கள் தேவைப்பட்டன. நாம் அவற்றை ஒரே வரியில் எழுத முடிவது, விரிகோணத்துக்கும் கொசைன் உண்டு, அது குறை எண் என்று ஏற்றுக்கொண்டதால்.

அறிகுறி: "விரிகோணத்துக்கு கொசைன் என்றால் என்ன?" என்று கேட்டால் பதில் வரவில்லை

பத்தாம் வகுப்பில் கற்ற வரையறை: எதிர்ப்பக்கம் வகுத்தல் கர்ணம் சைன், அடுத்துள்ள பக்கம் வகுத்தல் கர்ணம் கொசைன். செங்கோண முக்கோணத்துக்குள் 120 பாகைக் கோணம் இருக்கவே முடியாது. ஆகவே அந்த வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு விரிகோணத்தைப் பற்றி ஒன்றும் நிறுவ முடியாது. மேலே கொசைன்(180° − க) = −கொசைன் க என்று எழுதினேனே, அது எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி.

ஓரலகு வட்டத்தில் கிடையச்சிலிருந்து கோணம் க அளவுக்குத் திரும்பி நிற்கும் புள்ளியின் கிடை ஆயத்தொலைவு கொசைன் க. குத்து ஆயத்தொலைவு சைன் க. இதுதான் விரிந்த வரையறை. 180° − க என்பது குத்தச்சில் பிரதிபலித்த புள்ளி: உயரம் அதே, கிடைத்தொலைவின் குறி மட்டும் மாறும். இதை ஏற்றுக்கொண்டால், படத்தைப் பல நிலைகளாகப் பிரிக்கவே வேண்டாத ஒரு நிறுவல் கிடைக்கிறது.

க-வை ஆதியில் வையுங்கள். ம-வை (பா, 0)-இல் வையுங்கள். அப்போது ப இருக்கும் இடம், வரையறைப்படியே, (மா·கொசைன் க, மா·சைன் க). ப-வுக்கும் ம-வுக்கும் இடையே உள்ள தொலைவுச் சூத்திரம்:

கா² = (மா·கொசைன் க − பா)² + (மா·சைன் க)²

விரித்தால் முடிந்தது. குறுங்கோணம், விரிகோணம், செங்கோணம் எதையும் கேட்கவில்லை. அடிப்புள்ளி எங்கே விழுகிறது என்ற கவலையும் இல்லை. தேர்வில் நேரம் குறைவாக இருக்கிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஆனால் முதன்முறை கற்பவர் செங்குத்து வழியை ஒருமுறையாவது கையால் வரைந்து பார்த்திருக்க வேண்டும். குறி எங்கே பிறக்கிறது என்பது அங்கேதான் கண்ணுக்குத் தெரியும்.

அறிகுறி: கா·சைன் க = பா·சைன் ப என்று வந்துவிட்டது

ம-விலிருந்து கப கோட்டுக்குச் செங்குத்து. அதன் உயரத்தை இரண்டு பக்கமிருந்தும் எழுதலாம்: இடப்பக்க முக்கோணத்தில் பா·சைன் க, வலப்பக்க முக்கோணத்தில் கா·சைன் ப. ஆகவே பா·சைன் க = கா·சைன் ப. பக்கமும் கோணமும் குறுக்கே மாறி நிற்பதைக் கவனியுங்கள். இதை எழுதும் அவசரத்தில் க-வை கா-வோடும் ப-வை பா-வோடும் சேர்த்துவிடுகிறார்கள். குறிலையும் நெடிலையும் ஜோடி சேர்க்கக் கை துடிக்கிறது. இருபுறத்தையும் சைன் க·சைன் ப-வால் வகுத்த பிறகுதான் அவை ஜோடி சேரும்.

சந்தேகம் வந்தால் 30, 60, 90 முக்கோணத்தில் சோதியுங்கள். பக்கங்கள் 1, √3, 2. வகுத்தால் மூன்றும் 2 வரும். பெருக்கினால் 0.5, 1.5, 2 என்று மூன்றும் மூன்று விதம். பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் என்பதால், இந்த முக்கோணத்தில் இரண்டும் ஒன்றாக வளரும்போது பெருக்கல் எப்படி மாறாமல் இருக்கும்?

இந்த வகுத்தலை நம்பித்தான் நாடே அளக்கப்பட்டது. 1802-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக வலை விரிந்தது. ஒவ்வொரு புதிய முக்கோணத்திலும் அளந்தது கோணங்களை மட்டும். பக்க நீளங்கள் சைன் விதியிலிருந்து, பூமியின் வளைவுக்கான திருத்தத்தோடு, கணக்கிடப்பட்டன. ஒரு முக்கோணத்தில் கிடைத்த பக்கம்தான் அடுத்த முக்கோணத்துக்கு அடிப்பக்கம்.

அறிகுறி: இரண்டு விகிதம் சமம் என்று வந்தது, மூன்றாவதைக் காணவில்லை

"இவ்வாறே" என்று எழுதி மூன்றாவதைச் சேர்க்கலாம். ஆனால் வேறொரு முனையிலிருந்து இன்னொரு செங்குத்து வரைய வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுச் சேர்க்க வேண்டும். அதைவிடச் சுருக்கம் பரப்பளவு வழி. முக்கோணத்தின் பரப்பை மூன்று விதமாக எழுதலாம்:

½·பா·மா·சைன் க = ½·கா·மா·சைன் ப = ½·கா·பா·சைன் ம

எல்லாவற்றையும் ½·கா·பா·மா-வால் வகுத்தால் மூன்று விகிதமும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும்.

விரிகோணத்தில் இது முறியுமா? உயரம் மா·சைன்(180° − க) ஆகும். அது மா·சைன் க-வேதான். முறியாது. கொசைன் விதியில் அத்தனை பாடுபடுத்திய விரிகோணம், சைன் விதியில் சத்தமே இல்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. இந்த எளிமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அறிகுறியில் இதற்குக் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்.

அறிகுறி: விகிதங்கள் சமம் என்று நிறுவிவிட்டேன், அது சுற்றுவட்டத்தின் விட்டம் என்று சொல்ல முடியவில்லை

பரப்பு வழியில் வட்டமே வரவில்லை; பிறகு விட்டம் எப்படித் தெரியும்? இதற்கு வட்டத்தையே வரைய வேண்டும். முக்கோணத்தின் மூன்று முனைகளும் வழியாகச் செல்லும் சுற்றுவட்டத்தை வரைந்து, ப-விலிருந்து மையம் வழியாக ஒரு விட்டம் வரையுங்கள். அதன் மறுமுனை ட. விட்டத்தின் நீளம் வி. ட-வையும் ம-வையும் இணையுங்கள். அரைவட்டத்தில் அமைந்த கோணம் என்பதால் பமட ஒரு செங்கோணம். ஆகவே சைன் ட = கா / வி.

க-வும் ட-வும் பம என்ற நாணுக்கு ஒரே பக்கத்தில் இருந்தால், ஒரே வட்டத்துண்டில் அமைந்த கோணங்கள், ஆகவே சமம். க விரிகோணம் என்றால் இரண்டும் நாணின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். அப்போது வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்கள், கூட்டுத்தொகை 180 பாகை. எப்படியானாலும் சைன் ட = சைன் க. க செங்கோணம் என்றால் பம தானே விட்டம். ட-வும் ம-வும் ஒன்றாகிவிடுவதால் முக்கோணமே மிஞ்சாது. அந்த நிலையில் சைன் 90 = 1, கா = வி என்று நேரடியாக எழுதுங்கள்.

இங்கே அடிக்கடி காணும் முறிவு ஒன்று: விட்டத்தை முக்கோணத்தின் குத்துயரத்தின் மேலேயே வரைந்துவிடுவது. கவனக்குறைவாக இருசமபக்க முக்கோணம் வரைந்தவர்களுக்கு இது நேர்கிறது. அதில் உச்சியிலிருந்து வரும் குத்துயரம் மையம் வழியாகத்தான் போகும். மூன்று பக்கமும் கண்ணுக்கே வேறுபட்டுத் தெரியும்படி வரைந்தால் இந்தத் தவறு தானாக ஒழியும். நான் கரும்பலகையில் எப்போதும் ஒருபுறம் சாய்ந்த, சற்று அழகில்லாத முக்கோணத்தையே வரைகிறேன்.

நிறுவியதைத் திருப்பி எழுதினால் கா = வி·சைன் க. நாண் = விட்டம் × சைன். எனக்கு இந்த இரண்டு விதிகளிலேயே மிகப் பிடித்த வரி இது. வட்டத்தின் துண்டுக்கு வில் என்றும் அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டுக்கு நாண் என்றும் நாம் பெயர் வைத்திருக்கிறோம். சைன் என்ற சொல்லின் கதையும் அந்த வில்லில்தான் தொடங்குகிறது. வடமொழியில் ஜ்யா, ஜீவா என்றால் வில்லின் நாண். ஆரியபட்டர் 499-இல் அரை நாண்களுக்கு அட்டவணை தந்தார். ஜீவா அரபு மொழிக்குப் போய் ஜிபா ஆயிற்று. உயிரெழுத்து இல்லாமல் எழுதப்பட்ட அந்தச் சொல்லை ஜைப் என்று படித்தார்கள். அதன் பொருளான மடிப்பை இலத்தீனில் சைனஸ் என்று மொழிபெயர்த்தார்கள். சைன் விதி முதலும் முடிவுமாக நாணைப் பற்றிய செய்தி என்பதை அந்தப் பழைய பெயரே சொல்கிறது.

அறிகுறி: நிறுவ வேண்டியதிலிருந்து தொடங்கி 1 = 1 என்று முடித்திருக்கிறேன்; மதிப்பெண் கிடைக்கவில்லை

முடிவு உண்மை என்று வைத்துக்கொண்டு உண்மையான ஒன்றை அடைவது எதையும் நிறுவாது. −2 = 2 என்ற தவறான வரியை வர்க்கப்படுத்தினாலும் 4 = 4 என்ற உண்மை கிடைக்கும். உங்கள் படிகள் எல்லாமே திருப்பிப் போகக்கூடியவை என்றால், அவற்றைக் கீழிருந்து மேலாகத் திருப்பி எழுதிவிடுங்கள். நல்ல நிறுவல் கிடைத்துவிடும். திருப்ப முடியாத படி எது என்று தேடினால் பெரும்பாலும் அது வர்க்கப்படுத்திய படியாக இருக்கும்.

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு. கொசைன் விதியிலிருந்து சைன் விதியை வருவிக்கலாம்: சைன்² க = 1 − கொசைன்² க என்று எழுதி, கொசைனுக்குப் பக்கங்களில் உள்ள கோவையைப் போட்டு, கா²-ஆல் வகுத்தால் கிடைப்பது கா, பா, மா மூன்றிலும் சமச்சீரான கோவை. ஆகவே மூன்று கோணங்களுக்கும் அதே மதிப்பு. அழகான வழி. ஆனால் கடைசியில் வர்க்கமூலம் எடுக்கும்போது மிகை மூலத்தை மட்டும் ஏன் எடுத்தீர்கள்? முக்கோணத்தின் கோணம் 0-க்கும் 180-க்கும் இடையே இருப்பதால் அதன் சைன் எப்போதும் மிகை எண். அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் நிறுவலில் ஓட்டை.

அறிகுறி: "வட்டத்தில் சுற்றுகிறாய்" என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார்

இது நல்ல மாணவர்களுக்கு வரும் நோய். அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

செங்குத்து வழியில் கொசைன் விதியை நிறுவினோம். பிறகு ஒரு மாணவர் க = 90 என்று போட்டு, கொசைன் சுழி, ஆகவே கா² = பா² + மா², பிதாகரஸ் தேற்றத்தை நிறுவிவிட்டேன் என்று எழுதுகிறார். நிறுவவில்லை. கொசைன் விதியை விரித்த முதல் வரியிலேயே பிதாகரஸ் இருந்தார். ஆயத்தொலைவு வழியிலும் அப்படித்தான். தொலைவுச் சூத்திரம் என்பது வேறு உடையில் நிற்கும் பிதாகரஸ்.

ஆனால் இதே மாணவர் வேறொரு பாதையில் வந்திருந்தால் அவர் எழுதியது சரியாக இருந்திருக்கும். அந்தப் பாதை வீழல் விதி. க-விலிருந்து பம கோட்டுக்குச் செங்குத்து விழுந்தால் பக்கம் கா இரண்டு துண்டாகிறது:

கா = பா·கொசைன் ம + மா·கொசைன் ப

ப அல்லது ம விரிகோணமானால் ஒரு துண்டு குறை எண்ணாகிக் கழிந்துவிடும், வாய்பாடு மாறாது. பா-வுக்கும் மா-வுக்கும் இதேபோல எழுதி, ஒவ்வொன்றையும் அதனதன் பக்கத்தால் பெருக்குங்கள்:

கா² = கா·பா·கொசைன் ம + கா·மா·கொசைன் ப

பா² = கா·பா·கொசைன் ம + பா·மா·கொசைன் க

மா² = கா·மா·கொசைன் ப + பா·மா·கொசைன் க

இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டி முதலாவதைக் கழித்தால் எஞ்சுவது 2·பா·மா·கொசைன் க மட்டும். கொசைன் விதி வந்துவிட்டது; வழியில் எங்கும் பிதாகரஸ் வரவில்லை. வடிவொத்த செங்கோண முக்கோணங்களில் பக்க விகிதம் மாறாது என்பது மட்டுமே தேவைப்பட்டது. இங்கே க = 90 என்று போட்டால் கிடைப்பது பிதாகரஸ் தேற்றத்தின் நேர்மையான நிறுவல்.

ஒரே கடைசி வரி. ஒரு பாதையில் அது சுற்று, மற்றொன்றில் தேற்றம். ஆகவே "எது எதிலிருந்து வருகிறது" என்பதை ஓரத்தில் அம்புக்குறி போட்டு எழுதிப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இன்னொரு சுற்று இதைவிட மறைவானது. சைன் விதியிலிருந்து கா = வி·சைன் க. கோணங்களின் கூட்டுத்தொகை 180 என்பதால் சைன் க = சைன்(ப + ம). கூட்டல் சூத்திரத்தால் விரித்தால் வீழல் விதி, அதிலிருந்து கொசைன் விதி, படமே தேவையில்லை. ஆனால் கூட்டல் சூத்திரத்தை நீங்கள் எப்படிக் கற்றீர்கள்? ஓரலகு வட்டத்தில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள நாணைத் தொலைவுச் சூத்திரத்தாலும் கொசைன் விதியாலும் இருமுறை கணக்கிட்டு, இரண்டையும் சமப்படுத்திக் கற்றிருந்தால் சுற்று மூடிக்கொண்டது. நாணின் நீளத்தை இருமுறையும் தொலைவுச் சூத்திரத்தாலேயே, வட்டத்தைத் திருப்பிவைத்துக் கணக்கிட்டிருந்தால் சிக்கல் இல்லை. உங்கள் பாடநூலின் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு இந்த வழியைப் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: நிறுவல் சரி, ஆனால் எண் போட்டால் பொருந்தவில்லை

முதலில் கால்குலேட்டரைப் பாருங்கள். அது ரேடியனில் இருந்தால், 5, 3, 120 பாகைக் கணக்கில் 7-க்குப் பதில் சுமார் 3.09 காட்டும். இது நொடியில் தீரும்.

அது பாகையில்தான் இருக்கிறது, ஆனாலும் கோணங்கள் கூடி 180 வரவில்லை என்றால் வேறு கதை. பக்கங்கள் 3, 5, 7 கொடுக்கப்பட்டிருக்கின்றன. கொசைன் விதியால் 5-க்கு எதிரே உள்ள கோணம் காண்கிறீர்கள்: கொசைன் = 33/42, கோணம் 38.21 பாகை. 3-க்கு எதிரே: கொசைன் = 65/70, கோணம் 21.79 பாகை. மூன்றாவது கோணத்துக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று சைன் விதிக்குத் தாவுகிறீர்கள்: சைன் க = 7 × சைன் 38.21° / 5, அதாவது 0.866. கால்குலேட்டர் 60 என்கிறது. கூட்டினால் 120. அறுபது பாகையைக் காணோம்!

கால்குலேட்டர் பொய் சொல்லவில்லை. சைன் 60-ம் சைன் 120-ம் ஒன்றே. இரண்டில் சிறியதை அது தருகிறது. நிறுவலில் விரிகோணம் சத்தமின்றி உள்ளே வந்ததே, அதே காரணத்தால் இப்போது சத்தமின்றி வெளியே போய்விட்டது. சைன் விதிக்குக் குறுங்கோணமும் அதன் மிகைநிரப்பியும் (180-இலிருந்து அதைக் கழித்தால் வரும் கோணமும்) ஒரே முகம். கொசைன் விதியில் நம்மைப் படுத்திய குறிதான் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது: 9 + 25 − 49 = −15, வகுத்தல் 30, கொசைன் க = −½, ஆகவே 120 பாகை. ஐயத்துக்கு இடமே இல்லை.

மூன்று பக்கங்களும் கொடுத்திருந்தால் மிகப் பெரிய பக்கத்துக்கு எதிரே உள்ள கோணத்தை முதலில் கொசைன் விதியால் காணுங்கள். மற்ற இரண்டும் அதன்பின் நிச்சயம் குறுங்கோணங்கள். அவற்றுக்குச் சைன் விதியைத் தயக்கமின்றிப் போடலாம். இரண்டு பக்கங்களும், அவற்றுக்கு இடையில் அமையாத ஒரு குறுங்கோணமும் கொடுத்து, அந்தக் கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் மற்றதைவிடச் சிறியதாகவும் இருந்தால், கால்குலேட்டர் தரும் கோணத்தை 180-இலிருந்து கழித்து இரண்டாவது கோணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கொடுத்த கோணத்தோடு அது கூடி 180-ஐ எட்டாத வரை அதுவும் ஒரு முக்கோணம்தான். கவராயத்தை எடுத்து அந்தச் சிறிய பக்கத்தை ஆரமாக வைத்து வரைந்து பாருங்கள். அந்த ஆரம் குத்துயரத்தைவிடப் பெரியதாக இருந்தால், வில் அடிக்கோட்டை இரண்டு இடங்களில் வெட்டும்.